நீக்கப்பட்ட போரும் எஞ்சிய தடங்களும்: ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ விளையாட்டில் மாற்று வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ என்னும் நிகழ்பட விளையாட்டு, இரண்டாம் உலகப் போர் நிகழாத ஓர் இருபதாம் நூற்றாண்டைக் கற்பனை செய்கிறது. 1951இல் இங்கிலாந்து வேற்றுலக உயிரிகளின் பிடியில் இருப்பதாக அதன் கதை அமைகிறது. ஒரு பெருநிகழ்வை வரலாற்றிலிருந்து நீக்கும் இத்தகைய புனைவுகள், அந்நிகழ்வின் விளைவுகளையும் உடன் நீக்குவதில்லை. விளைவுகளை வைத்துக்கொண்டு அவற்றுக்குக் காரணமான மனிதர்களை மட்டும் நீக்குகின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். விளையாட்டின் காலக்கோடு, துங்குஸ்கா வெடிப்பு, மான்செஸ்டர் பேராலயம், அப்பேராலயம் குறித்து 2007இல் எழுந்த சர்ச்சை ஆகியவற்றின் வழி இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

முன்னுரை

கலிபோர்னியாவைச் சேர்ந்த இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, சோனி நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிஸ்டன்ஸ்’, பிளேஸ்டேஷன் 3 கருவியின் அறிமுகத்தோடு 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் 2007 மார்ச்சில் வெளியானது. வீரனின் கண்வழியே களத்தைக் காட்டி, ஆட்டக்காரர் கையில் துப்பாக்கியைத் தரும் சுடுவிளையாட்டு வகையைச் சேர்ந்தது இது. ‘மெடல் ஆஃப் ஹானர்’ (1999), ‘பேட்டில்ஃபீல்டு 1942’ (2002), ‘கால் ஆஃப் டியூட்டி’ (2003) ஆகியவை வழியாக இரண்டாம் உலகப் போர் இவ்வகை விளையாட்டுகளின் வழக்கமான களமாகிவிட்டிருந்தது. அக்களத்திலிருந்து விலக ‘ரெசிஸ்டன்ஸ்’ தேர்ந்த வழி குறிப்பிடத்தக்கது. அது வேறொரு போரைத் தேடிச் செல்லவில்லை. இரண்டாம் உலகப் போரே நிகழவில்லை எனக் கொண்டது.

இத்தகைய ஆக்கங்களை வரலாற்றுப் பிழைகளின் தொகுப்பாகவோ இளையோருக்குத் தீங்கு விளைப்பவையாகவோ மட்டும் காண்பது, அவை கடந்த காலத்தைக் கையாளும் முறையை ஆராயத் துணைசெய்யாது. எது நீக்கப்பட்டது, எது எஞ்சியது, எஞ்சியதற்கு யார் பொறுப்பாக்கப்பட்டனர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

மாற்று வரலாறும் வரலாற்றாய்வும்

நிகழாததை நிகழ்ந்ததெனக் கொண்டு சிந்திக்கும் முறையை வரலாற்றாய்வாளர்கள் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கினர். ஈ. எச். கார் தம் ‘வரலாறு என்றால் என்ன?’ (1961) நூலில் அதனைப் பொழுதுபோக்கு விளையாட்டாகவே கருதினார். நியால் ஃபெர்குசன் பதிப்பித்த ‘மெய்நிகர் வரலாறு’ (1997) இந்நிலைப்பாட்டை மறுத்தது. ஆயினும், அக்காலத்து மனிதர்கள் உண்மையில் எண்ணிப் பார்த்ததற்குச் சான்றுள்ள மாற்று வழிகளை மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் வரம்பை அவர் விதித்தார். வேற்றுலக உயிரிகளின் படையெடுப்பு இவ்வரம்புக்குள் வாராது.

எனவே ‘ரெசிஸ்டன்ஸ்’ விளையாட்டை வரலாற்று விளக்கமாக மதிப்பிடுவது பொருந்தாது. இவ்விடத்தில் கேவ்ரியல் ரோசன்ஃபெல்டின் அணுகுமுறை பயன்தருகிறது. நாசிசம் குறித்த மாற்று வரலாறுகளை ஆராய்ந்த அவரது நூல் (2005), இத்தகைய புனைவுகள் கடந்த காலத்தைக் காட்டிலும் அவை எழுதப்பட்ட காலத்தின் நினைவையும் அச்சத்தையும் விருப்பத்தையுமே வெளிப்படுத்துகின்றன எனக் காட்டியது. ஒரு சமூகம் எதை மறந்துவிட்டுக் கதை சொல்ல முடிகிறது என்பதும் அந்நினைவின் ஒரு பகுதியே.

படையெடுப்புப் புனைவின் மரபு

இங்கிலாந்து கைப்பற்றப்படுவதைக் கற்பனை செய்யும் வழக்கம் புதிதன்று. பிரான்சைப் பிரஷ்யா வென்ற பின்னணியில், 1871இல் ஜார்ஜ் செஸ்னி ‘டார்க்கிங் போர்’ என்னும் கதையை எழுதினார். அதில் ஜெர்மானியப் படை இங்கிலாந்தில் இறங்கி வெல்கிறது. செஸ்னி இந்தியாவில் பணியாற்றிய பொறியியல் படை அலுவலர். 1857இல் தில்லி முற்றுகையில் காயமுற்றவர். வில்லியம் லெ கியூவின் ‘1910இன் படையெடுப்பு’ (1906) இம்மரபை நாளிதழ் வாசகரிடம் கொண்டுசென்றது. இக்கதைகளில் பகைவர்க்கு நாடும் கொடியும் இருந்தன.

எச். ஜி. வெல்ஸ் தம் ‘உலகங்களின் போர்’ நாவலில் (1898) பகைவரைச் செவ்வாய்க் கோளிலிருந்து வரவழைத்தார். ஆயினும் அவர் பேரரசை மறைக்கவில்லை. செவ்வாய்க் கோளினரின் கொடுமையைக் கண்டிக்குமுன், ஐரோப்பியக் குடியேறிகளால் டாஸ்மேனியப் பழங்குடியினர் அழிக்கப்பட்டதை நினைக்குமாறு முதல் இயலிலேயே வாசகரை வேண்டுகிறார். பிறர்மீது தான் செலுத்திய வன்முறையைத் தன் மண்ணில் தானே எதிர்கொள்ளும் இங்கிலாந்தை அந்நாவல் காட்டியது.

‘ரெசிஸ்டன்ஸ்’ இம்மரபின் வழித்தோன்றல். வெல்ஸின் கதையில் நுண்ணுயிரிகள் படையெடுத்தவரை அழித்து மனிதரைக் காக்கின்றன. இவ்விளையாட்டில் அந்த உறவு தலைகீழாகிறது: நச்சுயிரியே படையெடுப்பின் கருவி, அது மனிதரைப் பற்றி ‘கைமேரா’ எனப்படும் உயிரிகளாக மாற்றுகிறது. கதைத்தலைவன் நேதன் ஹேல் அத்தொற்றுக்கு ஆட்பட்டும் மனித உருவை இழக்காதவன். வெல்ஸின் கதையில் படையெடுத்தவர்க்கு அறிவும் நோக்கமும் பேரரசு ஆண்டவரோடு ஒப்பிடத்தக்க ஒழுங்கும் இருந்தன. கைமேராக்கள் பெரும்பாலும் தொற்றுநோய் போலப் பரவுகின்றன. பகைவரை நோயாகக் காட்டும்போது, அவர்தம் நோக்கத்தை வினவும் தேவை குறைந்துவிடுகிறது.

காலக்கோடு: நீக்கமும் எச்சமும்

விளையாட்டின் காலக்கோட்டில் ரஷ்யா தன் எல்லைகளை அடைத்து வெளியுலகிடமிருந்து மறைகிறது. அங்கே பெருகிய கைமேராக்கள் 1949இன் இறுதியில் எல்லை கடந்து ஐரோப்பாவை விழுங்குகின்றன. 1950இல் ஆங்கிலக் கால்வாயின் அடியே சுரங்கம் தோண்டிப் பிரித்தானியாவுக்குள் நுழைகின்றன. 1951 ஜூலை 11 அன்று அமெரிக்கப் படை யார்க் நகரில் இறங்குகிறது. சில மணி நேரத்தில் அப்படை ஏறத்தாழ முழுதும் அழிய, ஹேல் எஞ்சுகிறான். அவனது பயணம் மான்செஸ்டர், நாட்டிங்காம், பிரிஸ்டல் வழியாக லண்டனில் முடிகிறது. இவை அனைத்தையும் ராச்சல் பார்க்கர் என்னும் பிரித்தானிய உளவுத்துறை அலுவலர் பின்னாளில் நினைவுகூர்வதாகக் கதை சொல்லப்படுகிறது. புனைவு தன்னை ஓர் ஆவணமாகவே முன்வைக்கிறது.

இக்கதையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்து நோக்கினால், நீக்கப்பட்டதாகச் சொல்லப்படும் போர் அவற்றுள் மீண்டும் தென்படுகிறது. ஐரோப்பா வீழ்ந்தபின் தனித்து நிற்கும் தீவு, 1940ஆம் ஆண்டின் பிரித்தானியா. ‘ரெசிஸ்டன்ஸ்’ என்னும் பெயர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்சிலும் பிற நாடுகளிலும் மறைந்து போரிட்டவர்களின் இயக்கங்களால் பொருள் கனத்த சொல். விளையாட்டில், கைமேராவை வெல்லும் மறைபொருள் ஆயுதம் தம்மிடம் உண்டெனப் பிரித்தானியர் கூற, அதன்பொருட்டே அமெரிக்கர் படை அனுப்புகின்றனர். 1940 செப்டம்பரில் ஹென்றி டிசார்டின் தலைமையில் பிரித்தானிய அறிவியலாளர் குழு, ரேடாருக்கு அடிப்படையான மேக்னெட்ரான் உள்ளிட்ட மறைபொருள்களோடு அமெரிக்கா சென்றது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. இவ்வொப்புமையை உருவாக்கியவர்கள் எண்ணிச் செய்தனரா என்பது இங்கு வினா அன்று. 1940இன் சூழ்நிலை இல்லையேல் இக்கதை வாசகர்க்கு இத்துணை எளிதில் விளங்கியிராது என்பதே கருதத்தக்கது.

1951 என்னும் ஆண்டும் இத்தகையதே. அவ்வாண்டு மே முதல் செப்டம்பர் வரை லண்டனின் தென்கரையில் ‘பிரித்தானியத் திருவிழா’ நடைபெற்றது. போரின் அழிவிலிருந்து மீண்டெழும் நாட்டின் கலை, அறிவியல், கட்டடக்கலை ஆகியவற்றை அது காட்சிப்படுத்தியது. அதே கோடையில்தான் விளையாட்டின் லண்டன் கைமேராவின் தலைமையிடமாக விளங்குகிறது.

துங்குஸ்கா: போரிலிருந்து பிறந்த வேற்றுலகம்

1908 ஜூன் 30 அன்று சைபீரியாவில், பொட்கமென்னயா துங்குஸ்கா ஆற்றின் அருகே பெருவெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுந்த பரப்பில் மரங்கள் சாய்ந்தன. லியோனிட் குலிக் தலைமையிலான முதல் அறிவியல் குழு 1927இல்தான் அவ்விடத்தை அடைந்தது. விண்கல் விழுந்த பள்ளத்தை எதிர்பார்த்துச் சென்ற அவர்கள் அதனைக் காணவில்லை. தரையைத் தொடுமுன் வானிலேயே வெடித்த விண்பொருள் இது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம்.

கைமேராவின் வருகையை ‘ரெசிஸ்டன்ஸ்’ இந்நிகழ்வோடு இணைக்கிறது. இவ்விணைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. துங்குஸ்காவில் வெடித்தது வேற்றுலகக் கலம் என்னும் கருத்தைப் பரவச் செய்தது, சோவியத் எழுத்தாளர் அலெக்சாண்டர் கசான்ட்சேவ் 1946 ஜனவரியில் வெளியிட்ட ‘வெடிப்பு’ என்னும் சிறுகதை. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டிருந்தது. நிலத்தில் பள்ளம் ஏற்படாமல் வானில் நிகழ்ந்து, கீழுள்ளவற்றைச் சாய்த்த ஹிரோஷிமா வெடிப்பே, துங்குஸ்காவை அணுவாற்றலால் இயங்கிய கலம் ஒன்றின் வெடிப்பாகக் கற்பனை செய்ய அவருக்கு வழிகாட்டியது.

ஆகவே, 1908இன் இயற்கை நிகழ்வுக்கு 1945இன் மனிதச் செயலொன்று புதிய பொருளைத் தந்தது. அப்பொருள் அறுபதாண்டுகளுக்குப்பின், 1945 என்பதே நிகழாத ஒரு கதையின் தொடக்கப் புள்ளியாக இடம்பெறுகிறது. ஹிரோஷிமாவை நீக்கிய காலக்கோடு, ஹிரோஷிமாவால் பிறந்த கற்பனையின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. இந்த இடமாற்றத்தில் மறைந்தவர்கள், குண்டை உருவாக்கியவர்களும் வீசியவர்களும் அதற்கு ஆளானவர்களுமே.

மான்செஸ்டர் பேராலயம்: கட்டடம் என்னும் ஆவணம்

விளையாட்டின் மான்செஸ்டர் பகுதியில், நகரின் பேராலயத்துக்குள் ஆட்டக்காரர் கைமேராக்களோடு துப்பாக்கிச் சண்டையிடுகிறார். 1421இல் கல்லூரித் திருச்சபையாக நிறுவப்பட்டு, 1847இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது.

1940 டிசம்பர் கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவுகளில் ஜெர்மானிய விமானங்கள் மான்செஸ்டரைத் தாக்கின. ஏறத்தாழ 680 பேர் இறந்தனர். பேராலயத்தின் வடகிழக்குப் பகுதியில் விழுந்த குண்டு அங்கிருந்த சிற்றாலயங்களை அழித்து, கூரையைச் சிதைத்தது. பழைய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இழக்கப்பட்டன. சீரமைப்புப் பணி ஏறத்தாழ இருபதாண்டுகள் நீடித்தது. 1966இல் மார்கரெட் டிராஹெர்ன் படைத்த ‘நெருப்புச் சாளரம்’ அத்தாக்குதலின் தீயை நினைவூட்டுகிறது. மேற்குப் பகுதியின் ஐந்து சாளரங்களை ஆன்டனி ஹாலவே 1973 முதல் 1995 வரை உருவாக்கினார். 1996 ஜூன் 15 அன்று ஐரிஷ் குடியரசுப் படை நகர மையத்தில் வெடிக்கச் செய்த குண்டு மீண்டும் இக்கண்ணாடிகளுக்குச் சேதம் விளைத்தது.

ஆகவே இன்று அங்கே செல்பவர் காணும் ஆலயம், போர் உருமாற்றிய ஆலயம். அதன் புதிய சுவரும் புதிய கண்ணாடியும் 1940ஐப் பதிந்துவைத்த ஆவணங்கள். மெய்யான 1951இல் அது சீரமைப்பு முடியாத நிலையில் இருந்தது. விளையாட்டின் தருக்கப்படி, குண்டு விழாத 1951இல் அது இடைக்காலக் கட்டமைப்போடும் பழைய கண்ணாடிகளோடும் படையெடுப்பை எதிர்கொண்டிருக்க வேண்டும். இன்றைய ஆலயத்தைப் பார்த்து உருவாக்கப்படும் எந்த எண்ணிமப் படியும், தான் நீக்கியதாகக் கூறும் போரின் கைவேலையையே தன்னுள் கொண்டுவரும். அங்கே சண்டை நிகழ்த்துவது, உண்மையில் குண்டுவீச்சுக்கு ஆளான இடத்தில், குண்டு வீசியவர்களை அகற்றிவிட்டு, அவ்வழிவை வேற்றுலகினர்மேல் ஏற்றுவதாகும்.

2007ஆம் ஆண்டின் சர்ச்சை

2007 ஜூனில் மான்செஸ்டர் பேராயர் நைஜல் மெக்கலக்கும், பேராலயத்தின் டீன் பொறுப்பிலிருந்த ரோஜர்ஸ் கோவெண்டரும் சோனி நிறுவனத்தைப் பொதுவெளியில் கண்டித்தனர். ஆலயத்தை ஒளிப்படம் போன்ற துல்லியத்தோடு மறுஆக்கம் செய்து, அதற்குள் துப்பாக்கிச் சண்டையைத் தூண்டுவது பொறுப்பற்றது என்பது அவர்களின் வாதம். மான்செஸ்டர் அப்போது இளையோர் கும்பல்களின் துப்பாக்கி வன்முறையால் துன்புற்றிருந்தது. திருச்சபை அதற்கெதிராகப் பணியாற்றி வந்தது. மன்னிப்பு, விளையாட்டைத் திரும்பப் பெறுதல் அல்லது அப்பகுதியை மாற்றுதல், நன்கொடை, துப்பாக்கி வன்முறையை எதிர்க்கும் அமைப்புகளுக்கு ஆதரவு ஆகியவை கோரப்பட்டன. நாடாளுமன்றத்தில் இது குறித்து வினா எழுந்தபோது, நிறுவனங்கள் பொறுப்புணர்வோடும் பிறர் உணர்வை மதித்தும் நடக்க வேண்டும் எனப் பிரதமர் டோனி பிளேர் கூறினார்.

தேவையான அனுமதிகளைப் பெற்றதாகத் தான் கருதுவதாகவும், இது மெய்யுலகோடு தொடர்பற்ற அறிபுனைவு என்றும் சோனி விடையளித்தது. ஜூலையில் மான்செஸ்டர் நாளிதழ் வழியாக மன்னிப்புக் கோரியது. விளையாட்டு சந்தையிலிருந்து விலக்கப்படவில்லை. எண்ணிம ஆக்கங்களில் புனித இடங்களைப் பயன்படுத்துவோர்க்கு வழிகாட்டும் நெறிமுறைகளைப் பேராலயம் வெளியிட்டது.

இச்சர்ச்சையில் இரு தரப்பும் எடுத்த நிலைப்பாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் (1988) கட்டடத்தின் உருவை வரைவதையோ படம்பிடிப்பதையோ உரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனவே திருச்சபையின் வலிமை சட்டத்தில் இல்லை, அறத்தில்தான் இருந்தது. அவ்வறவாதம் இரு தூண்களின்மேல் நின்றது: ஆலயம் புனிதமானது, நகரின் இளையோர் துப்பாக்கியால் மடிகின்றனர். நிறுவனமோ புனைவு என்னும் அரணுக்குள் நின்றது. ஒரு தரப்பு நிகழ்காலத்தையும் மற்றொரு தரப்பு கற்பனைக் காலத்தையும் பற்றிப் பேச, அவ்விரண்டுக்கும் இடையிலிருந்த 1940 வாதத்தின் மையத்துக்கு வரவில்லை. மெய்யுலகோடு தொடர்பற்றது என்னும் விடைக்கு வலுவான மறுப்பு அந்த ஆலயத்தின் சுவரிலேயே இருந்தது. பெயரும் வடிவும் மெய்யாக இருக்கையில், வரலாறு மட்டும் கற்பனை எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும் என்னும் வினா எழுந்திருக்க வேண்டும்.

இதற்கு மாறான கருத்தையும் கருத வேண்டும். புனைவுக்கு இடங்களைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. அழிவின் காட்சி அழிவைப் போற்றுவதாகாது. விளையாட்டில் ஆட்டக்காரர் ஆலயத்தைத் தாக்குபவரும் அல்லர். அங்கே புகுந்த பகைவரை எதிர்ப்பவர். இவ்வாதம் ஏற்கத்தக்கதே. இக்கட்டுரை கேட்பது தடையை அன்று. உரிமை, அனுமதி என்னும் சொற்களுக்கு அப்பால், அவ்விடத்தின் கடந்த காலத்தைப் படைப்பாளர் அறிந்திருக்கும் பொறுப்பையே அது வற்புறுத்துகிறது.

பேரரசின் இன்மை

காலக்கோட்டில் மற்றொரு மௌனமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட்ட இந்தியப் படை 25 லட்சம் வீரர்களாகப் பெருகியது. போரால் பிரித்தானியாவின் நிதி நிலையும் ஆளும் திறனும் தளர்ந்தமை, 1947இல் அது இந்தியாவைவிட்டு நீங்கியதற்கான காரணங்களுள் ஒன்றென வரலாற்றாய்வாளர்கள் கொள்கின்றனர். அப்போர் நிகழாவிடில், 1951இல் இந்தியா யார் ஆட்சியில் இருந்திருக்கும் என்னும் வினா தவிர்க்கவியலாதது. ஹேலின் பயணம் தொடக்கம் முதல் இறுதிவரை இங்கிலாந்துக்குள்ளேயே நிகழ்வதால், கதை இவ்வினாவை எதிர்கொள்ள வேண்டிய நிலை எழவில்லை. பேரரசை ஆண்ட நாடு, ஆக்கிரமிப்புக்கு ஆளான நாடாக மட்டும் தோன்றுகிறது. 1898இல் வெல்ஸ் தம் வாசகர்க்கு நினைவூட்டியதை, 2006இல் வந்த வழித்தோன்றல் கைவிட்டிருக்கிறது. இடைப்பட்ட நூற்றாண்டில் பேரரசு முடிவுற்றதே அதனை மறப்பதற்கு வசதியளித்தது எனக் கருதலாம்.

முடிவுரை

‘ரெசிஸ்டன்ஸ்’ இரண்டாம் உலகப் போரை நீக்கியது. ஆயினும் தனித்து நின்ற தீவு, அமெரிக்க உதவி, வானில் நிகழும் பெருவெடிப்பு, இடிந்த ஆலயம் என அப்போரின் தடங்கள் கதையில் எஞ்சின. இவற்றுக்குக் காரணமான அரசுகளும் கொள்கைகளும் கட்டளைகளும் மட்டும் மறைந்தன. பகைவர் மனிதரல்லர் என்றானபின், ஏன் செய்தனர், யார் ஆணையிட்டனர், யார் உடன்பட்டனர் என்னும் வினாக்களுக்கு இடமில்லை. வரலாற்றாய்வு தொடங்குவது இவ்வினாக்களிலிருந்தே.

மாற்று வரலாற்று ஆக்கங்களை ஆராய்வோர், அவை வரலாற்றுக்கு எவ்வளவு உண்மையாக உள்ளன என்பதோடு நின்றுவிடாமல், நீக்கம், எச்சம், பொறுப்பின் இடமாற்றம் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். புனைவு ஓர் ஆண்டை அழிக்கும்போது அவ்வாண்டின் அடையாளங்கள் கல்லிலும் கண்ணாடியிலும் சொல்லிலும் தங்கியிருக்கின்றன. மான்செஸ்டர் பேராலயத்தின் நெருப்புச் சாளரம் அத்தகைய அடையாளங்களுள் ஒன்று. 1940இல் குண்டு விழவில்லை எனக் கொள்ளும் எந்தக் காலக்கோட்டிலும் அச்சாளரத்துக்கு இடமில்லை.